வள்ளியும் வேலனும் ஒரே மைக்கில்: நாடகத்தில் வரும் காதல் பாட்டைப் பதிவு செய்யும் முறை

வள்ளி திருமணம் நாடகத்தில், வேடனாக வரும் வேலனும் வள்ளியும் தினைப்புனத்தில் வாதாடும் தர்க்கப் பாட்டை ஜோடியாகப் பாடிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் ஆசை எங்கள் செங்கோட்டை, புளியரைப் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவன் என்பதால் என்னிடம் வருவார்கள். எல்லாருக்கும் முதலில் நான் போடும் நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், முகம் பார்த்துப் பாட வேண்டும். புனலூரில் ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) தன் வரிகளைப் பாடி போனில் அனுப்ப, இங்கே ராஜபார்ட் (நாயகன் வேடக்காரர்) தன் வரிகளைப் பாடி ஒட்டினால் பாட்டு வரும், காதல் வராது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் இது வாதம். வேடனாக வந்தவன் கேட்கிறான், வள்ளி மடக்குகிறாள். மடக்க எதிரே ஆள் வேண்டும்.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் ஸ்வர உயரம். பாதிப் பதிவுகள் கெடுவது இங்கேதான். 1906-ல் செங்கோட்டையில் பிறந்த நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா, வள்ளியாக கே.பி. சுந்தராம்பாள் எதிரே நிற்க, உச்ச ஸ்தாயியில் பாடியதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அதனால் ஆண்கள் எல்லாரும் சுருதியைத் தூக்கிவைக்கிறார்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய காலத்துப் பாட்டு அவருடையது. உங்களுக்கு ஒரு முழத்தில் மைக் இருக்கிறது. தொண்டைக்கு எது இதமோ அதில் பாடுங்கள்.

ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சொன்னால், பெண்ணுக்கு ஐந்து கட்டை, ஆணுக்கு ஒரு கட்டை சுருதி என்றுதான் பெரும்பாலும் அமையும். ஒரே சுருதியில் நிறுத்தினால் ஒருவர் கத்துவார் அல்லது மற்றவர் முனகுவார். ஆனால் ஆர்மோனியத்தைப் பாருங்கள்: ஒரு கட்டையை ஸ என்று வைத்தால் பஞ்சமம் (ப) விழுவது ஐந்து கட்டையில், ஐந்து கட்டையை ஸ என்று வைத்தால் மத்யமம் (ம) விழுவது ஒரு கட்டையில். ஆக ஒன்றையும் ஐந்தையும் சேர்த்துப் பிடித்த சுருதி, ஆணுக்கு ஸ-ப, பெண்ணுக்கு ஸ-ம. சுருதிப் பெட்டியைத் தொடவே வேண்டாம். ஆள் மாறும்போது ஆர்மோனியக்காரர் கை மட்டும் இடம் மாறும். செஞ்சுருட்டி, குறிஞ்சி, நவரோஜ் எல்லாம் வழக்கமாகவே இந்த ஸ-ம சேர்ந்த மத்யம சுருதியில் பாடும் ராகங்கள், அதனால் அம்சமாகப் பொருந்தும். கல்யாணி மெட்டுக்கு இது ஆகாது. அதில் வரும் பிரதி மத்யமம் (உயர்ந்த ம) சுருதியோடு மோதும். மோகனத்தில் மத்யமமே கிடையாது, அதற்கும் வேண்டாம். அப்படிப்பட்ட மெட்டென்றால் மூன்றோ நாலோ கட்டையில் இருவரும் விட்டுக்கொடுத்துப் பாட வேண்டியதுதான். சேர்ந்து பாடும் கடைசி வரியை மட்டும் பெண்ணின் சுருதியில் வைத்து, ஆண் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும்.

நேரம்: ராத்திரி பத்துக்கு மேல். கேரளா போகிற லாரிகள் அப்போதும் ஓயாது, ஆகவே ரோட்டுப் பக்கத்து அறை வேண்டாம். ஆனி, ஆடிச் சாரலில் தகரக் கூரையின் கீழ் பதிவு வைக்காதீர்கள். ஃபேனை நிறுத்துங்கள். சுவரோரம் மெத்தையைச் சாத்தி, தரையில் ஜமுக்காளம் விரித்தால் எதிரொலி அடங்கும்.

நல்ல மைக் இல்லையென்றால் போனே போதும். பேசுவதற்கான மைக் போனின் அடிப்பக்கம், சார்ஜர் செருகும் இடத்தருகே இருக்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, அந்த முனை இருவருக்கும் நடுவே வாய் உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். கனத்த குரல்காரர் இன்னும் அரை அடி பின்னே. ஆர்மோனியம் ஆறடிக்கு அப்பால், மிருதங்கம் அதற்கும் பின்னால். பதிவுச் செயலியில் வேவ் (WAV) ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து, இருப்பதிலேயே உரக்க வரும் வரியை ஒருமுறை பாடிப் பாருங்கள். செயலி காட்டும் ஒலி அளவு மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டினால் எல்லாரும் ஓரடி பின்வாங்குங்கள்.

இனி பாட்டு. வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டும்போது வேலன் வாயை மூடிக்கொண்டு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த வரியில் அவன் குரல் வெறுமையாக விழும். போன மாதம் ஒரு ஜோடிக்கு அதுதான் நடந்தது. "அண்ணாச்சி, காகிதத்தைக் கீழ வையுங்க. அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் பதில் சொல்லுங்க" என்றேன். அந்த அக்கா "ஆரு நீர்?" என்கிற தோரணையில் புருவத்தைத் தூக்கினார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு முட்டியது, அதை அடக்கிக்கொண்டே எடுத்தார் பாருங்கள், வரியின் முதல் எழுத்திலேயே ஒரு குழைவு! ஒத்திகையில் எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் அது வராது. ஆகவே சாகித்யம் (பாட்டு வரிகள்) இருவருக்கும் மனப்பாடமாக வேண்டும். எதிராளி வரி முடியும் முன்பே மூச்சை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் சட்டென்று விழட்டும். ஊடல் வரிகளில் காலப்பிரமாணத்தை (வேகத்தை) துளி கூட்டலாம், அவள் இளகும் இடத்தில் மிருதங்கக்காரரை விரலால் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் எடுங்கள். ஒரு வரி பிசகினால் அந்த வரியை மட்டும் திருப்பாமல், பல்லவியிலிருந்து திரும்பப் பாடுங்கள். கடைசியில் அரை நிமிடம் யாரும் அசையாமல் வெறும் அறைச் சத்தத்தையும் பதிந்துகொண்டால், இரைச்சலைக் குறைக்கும்போது உதவும். இரண்டு வரிகளுக்கு நடுவே கேட்கும் மூச்சை வெட்டி எறியாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.