இருட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: வீட்டுக்குள் போன்சாய்

போன்சாய் என்பது சிறு தொட்டியில் குட்டையாகவே வளர்க்கும் மரம். நர்சரியில் ஃபைகஸ் என்று கேட்டால் எடுத்துத் தரும் இச்சி போன்சாய், வீட்டுக்குள் வளர்க்க ஏற்ற வெப்பமண்டல மரங்களில் மிகவும் தாக்குப்பிடிக்கக் கூடியது. அதுவே சில மாதங்களில் பட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வெளிச்சம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தாலே மரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் கண் பழகிவிடுவதால் அறை பளிச்சென்றே தெரியும். வெளிச்சம் குறைந்தால் வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறைகிறது. நாமோ அதே அளவு ஊற்றுகிறோம். மண் சொதசொதவென்று கிடக்க, காற்றில்லாமல் வேர் அழுகுகிறது. வேர் அழுகிய மரமும் வாடித்தான் நிற்கும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னொரு குவளை ஊற்றினால் கதை முடிந்தது.

டீப்பாயை மறந்துவிடுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம்தான் மரத்தின் இடம். தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் ஆழமாகச் செருகிச் சில நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி கருத்து ஈரமாக வந்தால் காத்திருங்கள். ஏறக்குறைய காய்ந்து வந்தால், அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பது தூசியைத்தான் போக்கும், வேருக்கு அது போதாது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சில தொட்டிகளில் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அதன்மேல் ஓடி விளிம்பில் வழிந்துவிடும், உள்ளே மண் வறண்டே இருக்கும். அந்தக் கற்களை முதல் நாளே பெயர்த்து எடுத்துவிட வேண்டும். வெறும் தோட்டமண்ணும் ஆழமில்லாத தொட்டிக்கு ஆகாது, இறுகிவிடும். தூளைச் சலித்து நீக்கிய செங்கல் துண்டு, பருமணல், கொஞ்சம் மண்புழு உரம் சேர்ந்த கலவையில் தண்ணீர் நிற்காமல் இறங்கும்.

புதிதாக வந்த மரம் இலை உதிர்த்தால் பலர் பதறிப்போய் உடனே தொட்டி மாற்றுவார்கள், உரம் வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். இடம் மாறினால் இச்சி இலை கொட்டுவது இயல்பு. ஏசி காற்று நேரே படாத வெளிச்சமான இடத்தில் அசைக்காமல் விட்டால் சில வாரங்களில் துளிர்க்கும். கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக வளரும் பருவத்தில் இச்சியின் கிளை சீக்கிரம் பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். வாரந்தோறும் பாருங்கள். அழுத்தத் தொடங்கியதும் கம்பியைச் சுற்றிப் பிரிக்காமல், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.