‘பார்ப்பம்’ என்ற பதிலுக்குள் என்ன இருக்கிறது: புதிய கூட்டரசு பற்றி வன்னி ஊர்களில் கேட்டு எழுதும் முறை

கொழும்பில் கட்சிகள் கூடி ஒரு புதிய அரசாங்கம் அமைத்தால், அடுத்த கிழமையே வன்னி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஏ-9 வீதியோரத்துத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேரைக் கேட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: “பார்ப்பம்.” அதைக் ‘கருத்து இல்லை’ என்ற கட்டத்துக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். வன்னியில் அந்தச் சொல் கருத்தில்லாத சொல் அல்ல. நம்பிக்கை, களைப்பு, பயம், வந்தவரை மரியாதையாக அனுப்பிவைத்தல் என எல்லாமே அதற்குள் இருக்கலாம். எது என்று பிரித்தறியத் தெரிந்தால்தான் ஊரின் கருத்தை எழுதலாம்.

சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், உயர்தர மாணவர்கள் என்று யாரும் ஒரு கிராம சேவையாளர் பிரிவில் இதைச் செய்யலாம். ஆறு பேர், மூன்று சோடி, நாலு பின்னேரங்கள் போதும். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் கட்டாயம் இருக்கவேண்டும். ஒருவர் கதைக்க, மற்றவர் எழுதவேண்டும். கேட்பவரே எழுதினால் கண் கொப்பியில் நிற்கும், சொல்பவரின் முகம் தவறிப்போகும்.

எந்த அரசாங்கம், யாருடைய அரசாங்கம்

படலையைத் திறக்க முன்னர் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கூட்டரசு என்றதும் இங்கே பலருக்கு 2015 தான் நினைவுக்கு வரும். அந்த ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் வன்னி பெருவாரியாக மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தது. ஐக்கிய தேசியக் கட்சியும் சிறீலங்கா சுதந்திரக் கட்சியும் சேர்ந்து ‘நல்லாட்சி’ அமைத்தன. படையினர் வைத்திருந்த காணிக்காக முல்லைத்தீவின் கேப்பாப்புலவிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டங்கள் 2017 தொடக்கத்தில் ஆரம்பித்தது அதே ஆட்சியில்தான். 2018 ஒக்ரோபர் 26 இல் அந்தக் கூட்டு உடைந்தது. பிறகு 2022. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு அறிவித்தது. யூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார். யூலை 20 இல் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் ஜனாதிபதியாகத் தெரிவானார். அவருடைய கட்சிக்கு அங்கே இருந்தது ஒரேயொரு ஆசனம். அவரைத் தூக்கி நிறுத்தியது ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன. ஆகவே 2022 ஐப் பற்றிக் கேட்கும்போது “புதிய அரசாங்கம்” என்று நீங்கள் சொன்னால், “எதப்பா புதுசு?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியும் ஒரு பதில்தான், எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல். பரந்தனும் புதுக்குடியிருப்பும் இரண்டும் வன்னிதான். ஆனால் கிளிநொச்சி மாவட்டம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றும்தான் வன்னித் தேர்தல் மாவட்டம். “எங்கட எம்.பி” என்று இரண்டு இடத்திலும் சொல்வது வெவ்வேறு ஆட்களை. இரு பக்கப் பதில்களையும் ஒரே குவியலில் கலந்தால் கணக்குப் பிழைக்கும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு அதற்குத் தேர்தலே நடக்கவில்லை. அதனால் பிரதேச செயலகத்தின் மீதுள்ள கோபமும் கொழும்பின் மீதுள்ள கோபமும் ஒன்றாகக் கொட்டப்படும். குறிப்பாக அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவு. 2023 இல் பழைய சமுர்த்தி உதவியின் இடத்தில் அது வந்தபோது பட்டியலில் விடுபட்டவர்கள், தம்மை விட்டது உள்ளூர் உத்தியோகத்தரா, மேலிருந்து வந்த புள்ளித்திட்டமா என்று தெரியாமலே கோபப்படுவார்கள். “ஆரால எண்டு நினைக்கிறியள்?” என்று தனியாகக் கேட்டால்தான் பிரியும்.

வீடுகளைத் தெரிவது

240 குடும்பம் உள்ள பிரிவென்றால் எட்டுக்கு ஒரு வீடாக 30 வீடு. ஒன்று முதல் எட்டு வரை துண்டுக் கடதாசியில் எழுதிச் சுருட்டி ஒன்றை எடுங்கள். ஐந்து வந்தால் ஒழுங்கையின் ஐந்தாவது படலையில் தொடங்கி, பிறகு 13, 21 என்று போங்கள். பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குத் தாவவேண்டாம், மறுநாள் திரும்பி வாருங்கள். பூட்டிய வீடு பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்களின் வீடு. அதைத் தவறவிட்டால் வீட்டிலிருக்கும் வசதியுள்ளவர்களின் கருத்தே ஊரின் கருத்தாகிவிடும்.

விதானையாரோடு, அதாவது கிராம சேவையாளரோடு, சேர்ந்து போகாதீர்கள். அவர் நல்லவராக இருந்தாலும் போகாதீர்கள். அவர் முற்றத்தில் நின்றால் பதில் நிவாரணப் பட்டியலை நினைத்தே வரும். அவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது மட்டும் போதும்.

நேரம்: வயற்காரரிடம் பின்னேரம் நாலு முதல் ஆறரை வரை. கடற்றொழிலாளரிடம் படகு கரைக்கு வந்து மீன் நிறுத்து முடிந்த பிறகு. வலையிலிருந்து மீன் கழற்றும்போது போனால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். காலபோக (மாரி மழைப் பெரும்போக) விதைப்புக் காலத்திலும், மாசி பங்குனி நெல்வெட்டுக் காலத்திலும் இந்த வேலையை வைக்கவேண்டாம்.

ஐந்து கேள்வி

“அரசாங்கத்தை ஆதரிக்கிறீர்களா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். இதைக் கேட்டால் கதவு சாத்தப்படும். பேச்சுத்தமிழிலேயே, இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள்:

1. போன வருசம் இதே மாதம் இருந்ததைவிட வீட்டில என்ன மாறியிருக்கு?
2. அது ஆரால எண்டு நினைக்கிறியள்?
3. வந்திருக்கிற அரசாங்கம் முதல்ல செய்யவேண்டியது எது?
4. செய்வினம் எண்டு நினைக்கிறியளோ? எதை வச்சுச் சொல்லுறியள்?
5. வாற போகத்துக்கு நீங்கள் என்ன செய்யப்போறியள்?

ஐந்தாவதுதான் மிகப் பெறுமதியானது. நாலாவதுக்கு “செய்வினம்” என்று சொன்னவர், ஐந்தாவதுக்கு “மூண்டு ஏக்கர்ல ஒண்டைத்தான் விதைக்கிறன், மிச்சத்தைக் குத்தகைக்குக் குடுக்கிறன்” என்றால், அவருடைய உண்மையான கருத்து அந்த ஒரு ஏக்கரில் இருக்கிறது. நகையை அடகிலிருந்து மீட்கப்போகிறாரா, இன்னொன்றை வைக்கப்போகிறாரா, மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு கட்டுகிறாரா என்பதெல்லாம் அரசாங்கத்தின் மீதுள்ள நம்பிக்கையின் அளவுதான். கடலோரத்தில் ‘போகம்’ என்பதற்குப் பதில் ‘சீசன்’ என்று கேளுங்கள்.

விலை பற்றிய பதிலைச் ‘சாமான் விலை கூடிப்போச்சு’ என்ற அளவில் விடாதீர்கள். சாமானாகவும் அளவாகவும் இறக்குங்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒருவர் மண்ணெண்ணெய் பற்றிக் கதைத்தால், ஒரு முறை கடலுக்குப் போய்வர எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். 20 லீற்றர் என்கிறார் என்று வைப்போம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. 1,740 ரூபாவில் முடிந்த பயணம் 6,800 ரூபா. வலையில் மீன் படாத நாளில் அந்த 6,800 உம் கடன். இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே கொப்பியில் போட்டுக் காட்டி, “சரியோ அண்ணை?” என்று கேளுங்கள். திருத்துவார். “படகுக்காரனுக்கும் ஆளுக்கும் பங்கு இருக்கு, அதையும் போடு” என்பார். அந்தத் திருத்தத்தில்தான் உண்மையான கதை வரும். வயற்காரரிடம் இதே மாதிரி, 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ய முன்னர் ஏக்கருக்கு எத்தனை அந்தர் யூரியா போட்டார், பிறகு எத்தனை, எத்தனை மூடை நெல் குறைந்தது என்று கேளுங்கள். அந்தத் தடையை அதே வருடம் நவம்பரில் விலக்கியபோது காலபோக விதைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆகவே ‘தடை எடுத்தாச்சு’ என்ற செய்தி வயலில் பலருக்கு உதவவில்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பதில் புரியும்.

ஒரு எச்சரிக்கை. “2022 இல கஷ்டப்பட்டனீங்களோ?” என்றால், “அதென்ன கஷ்டம்” என்று சிலர் கை விரிப்பார்கள். 90 களின் பொருளாதாரத் தடையையும் 2009 இன் இறுதிப் போரையும் பார்த்தவர்களின் அளவுகோல் அது. சவர்க்காரமும் பற்றரியும் எரிபொருளும் வராத காலத்தை அறிந்தவருக்குப் பெற்றோல் வரிசை புதிதில்லை. அவர் கஷ்டப்படவில்லை என்று எழுதினால் பொய். எதோடு ஒப்பிடுகிறார் என்று பக்கத்தில் ஒரு சொல்லில் குறியுங்கள்: ‘தடை’, ‘2009’, ‘போன வருசம்’. இந்த ஒரு சொல் இல்லாத பதிலை மற்றப் பதிலோடு ஒப்பிடவே முடியாது.

மூன்றாவது கேள்விக்குத் தெரிவுகள் கொடுக்காதீர்கள். விலை, வேலை, மின்கட்டணம் என்று கட்டம் போட்டுக் கொண்டுவரும் படிவங்களில், “என்ர பிள்ளை எங்க எண்டு சொல்லச் சொல்லுங்கோ” என்ற பதிலுக்கு இடமே இராது. பொருளாதாரம் பற்றித்தான் கேட்கிறோம் என்று அந்த அம்மாவை இழுத்து நிறுத்தாதீர்கள். அவர் சொன்ன சொல்லையே அப்படியே எழுதுங்கள். படையினர் வைத்திருக்கும் காணி, எல்லைக் கிராமத்து வயல், இந்திய இழுவைப் படகு எல்லாம் வரும். எல்லாமே புதிய அரசாங்கம் பற்றிய கருத்துத்தான்.

‘பார்ப்பம்’ வந்ததும்

உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, “எதைப் பாத்தா முடிவெடுப்பியள்?” என்று கேளுங்கள். பிறகு, “எவ்வளவு நாள் பாப்பியள்?” ஒரு பொருளையும் ஒரு காலத்தையும் சொன்னால் அது காத்திருக்கும் நம்பிக்கை, “நெல்லுக்கு விலை போடட்டும், வெட்டு முடிய மட்டும் பாப்பம்” என்பது அந்த வகை. “ஆர் வந்தாலும் எங்களுக்கு இதுதான்” என்று போனால் களைப்பு. குரல் தாழ்ந்து, பார்வை படலைக்குப் போய், பேச்சு மழையைப் பற்றித் திரும்பினால் பயம். அங்கே இன்னொரு கேள்வி கேட்காமல் நன்றி சொல்லி எழும்புங்கள். அடுப்பில் சோறு இருக்க அவசரத்தில் சொன்னதென்றால் வேறொரு நாள் வரலாமோ என்று கேளுங்கள். எந்த வகை என்று வீட்டில் வைத்துக் குறிக்கவேண்டாம். அன்றிரவே சோடியில் இருவரும் தனித்தனியாகக் குறித்துவிட்டு ஒப்பிடுங்கள். இருவரும் ஒத்துவராவிட்டால் ‘தெளிவில்லை’.

பயத்தைக் குறைக்கும் வேலை படலையிலேயே தொடங்குகிறது. ‘பதிவு’ என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் திரும்பத் திரும்பப் பதியப்பட்ட சனத்துக்கு அந்தச் சொல் வேறொன்று. “ஊர்க் கருத்தைக் கேட்டு எழுதுறம், பேர் எழுத மாட்டம், இதால நிவாரணம் ஒண்டும் வராது” என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். மூன்றாவதை விட்டால், துன்பத்தைக் கூட்டிச் சொல்வார்கள். அது அவர்களின் குற்றமில்லை, பலமுறை படிவம் நிரப்பி ஏமாந்த அனுபவம். கைத்தொலைபேசியில் குரல் பிடிக்கவும், வீட்டைப் படம் எடுக்கவும் வேண்டாம். கொப்பியில் வீட்டுக்கு ஒரு இலக்கம் மட்டும். எந்த இலக்கம் எந்த வீடு என்ற தாள் வேறொருவரிடம், வேறொரு வீட்டில்.

கணவன் விறாந்தையில் இருந்து பதில் சொல்ல, மனைவி குசினியில் நிற்பது வழக்கம். சோடியில் உள்ள பெண் குசினிக்குப் போய் அதே ஐந்தையும் கேட்கவேண்டும். நுண்கடன் கிழமைக்கட்டு பற்றிய உண்மை அங்கேதான் கிடைக்கும்; கணவனுக்குத் தெரியாத கடனும் உண்டு. அந்தத் தாளை விறாந்தைத் தாளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

எண்ணுவதும் ஊருக்குச் சொல்வதும்

30 வீட்டுக்கு நூற்றுவீதம் போடவேண்டாம். ‘30 வீட்டில் 11’ என்று எழுதுங்கள். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஐந்தாவது கோடு; அதற்கு மேல் ஒரு கருவியும் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒருவரின் சொந்த வார்த்தை ஒன்று இருக்கட்டும். ஆளை அடையாளம் காட்டும் விபரம், உதாரணமாக ஊரில் ஒரேயொரு உழவு மெசின்காரர் என்பது, அதில் வரக்கூடாது.

அறிக்கையை வெளியே கொடுக்க முன்னர் சனசமூக நிலையத்தில் சத்தமாக வாசியுங்கள். “அப்படிச் சொல்லேல்லை” என்று யாராவது எழும்பினால் அதையும் சேருங்கள்.

ஒரு சுற்று போதாது. அரசாங்கம் வந்த முதல் மாதம் ஒன்று, அதன் முதல் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு ஒன்று, முதல் நெல்வெட்டு முடிந்து விலை கைக்கு வந்த பிறகு ஒன்று. அதே 30 வீடு, அதே ஐந்து கேள்வி. இரண்டாம் சுற்றில் போன தடவை சொன்னதைக் காட்டிவிட்டுக் கேட்காதீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவே முயல்வார்கள். முதலில் கேட்டு எழுதி முடித்து, பிறகு பழைய தாளை விரித்து, “அப்ப வெட்டு முடிய மட்டும் பாப்பம் எண்டியள், அம்மா” என்று நினைவூட்டுங்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வதை வேறு நிறப் பேனையால் எழுதுங்கள்.