வடசென்னையிலிருந்து ராமேஸ்வரம்: தீவில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் டிசம்பரிலோ ஜூலையிலோ தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். இறங்கிய இரண்டாம் நாளே "ராமேஸ்வரம் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாமா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். அந்த 'ஒரு எட்டு'தான் எனக்கு வருத்தம். மதுரைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கார் பிடித்து 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் மூன்றையும் ஒரே பகலில் முடித்து, ராத்திரியே மதுரைக்குத் திரும்பி, குழந்தைகள் வாந்தி எடுத்து, பெரியவர்களுக்குக் கால் வீங்கி வந்து நின்றதை நான் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். ராமேஸ்வரம் கோயில் மட்டும் இல்லை, அது ஒரு தீவு. இரண்டு ராத்திரி தங்கினால்தான் அது தீவு என்பதே உடம்புக்குத் தெரியும்.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வடசென்னையில் தங்கியிருப்பவர்களுக்கு இதில்தான் பாதி அலைச்சல். பஸ் வேண்டாம். தெற்கே போகும் பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன, நம் பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம். ராத்திரி ரயில்தான் சரி. சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் தீவில் இறங்கலாம். ஆனால் டிக்கெட்டில் எழும்பூரா தாம்பரமா என்று இரண்டு தடவை பாருங்கள், இரண்டு இடத்திலிருந்தும் வண்டிகள் உண்டு, எழும்பூரில் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிய பிறகு சில வண்டிகள் மாறி மாறிக் கிளம்பியிருக்கின்றன. எழும்பூர் என்றால் தண்டையார்பேட்டையிலோ தியாகராயா கல்லூரி நிறுத்தத்திலோ மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறிப் போய்விடலாம். தாம்பரம் என்றால் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுங்கள், அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கும். பெரிய பெட்டிகளை எல்லாம் சொந்தக்காரர் வீட்டிலேயே வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 60 நாள் முன்னால் திறக்கும். விமான டிக்கெட் போட்ட கையோடு அந்த நாளைக் கணக்குப் பண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 'தட்கலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள், 2025 ஜூலை முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்கள் பலரிடம் அது இருக்காது. இங்கே இருக்கும் தம்பியிடமோ சித்தப்பா மகனிடமோ முன்கூட்டியே சொல்லி, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பரிசோதகர் கேட்டால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், போனில் இருக்கும் படம் போதாது.

வண்டி மண்டபம் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் குழந்தைகளை எழுப்பிவிடுங்கள். பாம்பன் பாலத்தைத் தூக்கத்தில் தாண்டவிடக் கூடாது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தார்கள். பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போலப் பிரிந்து மேலே போகும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு முழுவதும் லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. பக்கத்திலேயே 1988-ல் திறந்த சாலைப் பாலம். ஊருக்குள் போன பிறகு ஒரு சாயங்காலம் ஆட்டோவில் அந்தச் சாலைப் பாலத்துக்கு வந்து நின்று, கீழே நிற்கும் படகுகளையும் ரயில் போவதையும் பாருங்கள். வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் வளர்ந்த என் நண்பன் அந்தப் படகுகளைப் பார்த்ததும் ஒவ்வொன்றும் என்ன வலை, என்ன மீன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான், என்னால் அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

இப்போது தங்கும் இடம். இதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் டொராண்டோவிலிருந்து வந்த என் மச்சினி குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனேன். போனில் பேசி ஒரு லாட்ஜில் அறை சொல்லியிருந்தோம். காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு "வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் கொடுக்கிறதில்லை சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். அறுபத்தெட்டு வயது அத்தையை வாசல் படியில் உட்கார வைத்துவிட்டு நான் தெருத்தெருவாக அறை தேடினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'ஃபார்ம் சி' என்று லாட்ஜ்காரர்கள் சொல்லும் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும், சின்ன லாட்ஜ்கள் பல இதற்குப் பதிவே பண்ணியிருப்பதில்லை. நீங்கள் தமிழ் பேசினாலும், பிறந்தது ராயபுரமாகவே இருந்தாலும், கையில் இருக்கும் பாஸ்போர்ட்தான் கணக்கு. அதனால் அறை சொல்லும்போதே "கனடா பாஸ்போர்ட், ஃபார்ம் சி போடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். விசாவோ, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோ எது இருக்கிறதோ அதன் நகலையும் இரண்டு மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியில் தங்குவது என்பது உங்களோடு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தீர்த்தமாட வேண்டும் என்று ஆசைப்படும் பெரியவர்கள் இருந்தால் கோயிலின் கிழக்கு வாசலுக்கும் அக்னி தீர்த்தக் கடற்கரைக்கும் நடக்கும் தூரத்தில்தான் அறை எடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈரத் துணியோடு ஆட்டோ தேடுவது அவர்களால் முடியாது. அரசின் ஹோட்டல் தமிழ்நாடு கடலை ஒட்டியே இருக்கிறது, இடமும் விசாலம், இணையத்தில் முன்பதிவு செய்யலாம். ஆனால் அமாவாசை நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். சின்னக் குழந்தைகள் மட்டும் என்றால், பாம்பனிலிருந்து ஊருக்குள் வரும் பெரிய சாலை ஓரத்தில் இருக்கும் ஹோட்டல்கள் வசதி, கார் நிறுத்த இடம் இருக்கும், சத்தம் குறைவு. மடம், சத்திரம் எல்லாம் மலிவுதான், ஆனால் சில சமூகத்தாருக்கு மட்டும் என்று வைத்திருப்பார்கள், பாஸ்போர்ட் சிக்கலும் வரும். தனுஷ்கோடியில் தங்க இடம் கிடையாது. சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்திலிருந்துதான் விடியலில் கிளம்ப வேண்டும்.

இரண்டு ராத்திரியும் சேர்ந்த மூன்று நாளை நான் இப்படித்தான் பிரிப்பேன். இறங்கிய அன்று கோயிலுக்கு ஓடாமல் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுங்கள். சாயங்காலம் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், அப்படியே பாம்பன் பாலம். மறுநாள் விடியற்காலை கோயில். ஐந்து மணியளவில் ஸ்படிக லிங்க தரிசனம் இருக்கும், காய்ந்த உடையில் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் வரிசையாகப் போக வேண்டும். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். கட்டணச் சீட்டு கோயிலிலேயே தருகிறார்கள், வழியில் வந்து "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டிய அவசியம் இல்லை. தரை முழுக்க ஈரம், வழுக்கும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர உடையோடு மூலவரைப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத் துணி கட்டாயம். செல்போன் உள்ளே கூடாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி.

நெரிசலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தீர்த்தத்தை விட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மூன்றாம் பிராகாரத்தில் மட்டும் மெதுவாக ஒரு சுற்று நடந்தாலே போதும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள், கடைசித் தூண் கண்ணுக்கு எட்டாது. மூலவர் சந்நிதிக்கு இந்து அல்லாதவர்களை விடுவதில்லை. வேறு மதத்தைச் சேர்ந்த மருமகனோ மருமகளோ உடன் வந்தால் இதை ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று மனம் நோக வேண்டாம்.

மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. ஊரிலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர், தார்ச் சாலை முனை வரைக்கும் இருக்கிறது. டவுன் பஸ்ஸும் போகிறது, ஆனால் குடும்பமாக என்றால் ஆட்டோ அல்லது வேன் பேசிக்கொள்ளுங்கள், எத்தனை இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். தண்ணீர், தொப்பி எடுத்துப் போங்கள், பத்து மணிக்கு மேல் மணல் சுடும். சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்பார்கள், மறுபக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். முனையில் இரண்டும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், அங்கே யாரையும் இறங்க விடாதீர்கள், குழந்தையின் கையை விடவே விடாதீர்கள். கடலில் விளையாடித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் பாலம் தாண்டி உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள், அலை குறைவு, ஆழமும் மெல்லத்தான் கூடும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அதிலிருந்தவர்களோடு கடல் கொண்டு போனது. சர்ச்சின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. அதுவரைக்கும் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். லண்டனிலிருந்து வந்த எங்கள் யாழ்ப்பாணத்துச் சம்பந்தி அம்மா அந்த முனையில் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, தன் அப்பா சென்னைக்குச் சரக்கு வாங்க வந்துபோனது இந்த வழியாகத்தான் என்றார். வீட்டில் இப்படி யாராவது இருந்தால் தனுஷ்கோடிக்கு அரைமணி நேரம் மட்டும் ஒதுக்காதீர்கள், அவர்கள் நிற்கிற வரைக்கும் நிற்கட்டும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: கோயிலைச் சுற்றி சைவம்தான். மீன் வேண்டுமென்றால் தங்கச்சிமடம், பாம்பன், தனுஷ்கோடி குடிசைக் கடைகள். மீனை உங்கள் கண் முன்னாலேயே காட்டிப் பொரித்துத் தருவார்கள், விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை மழையும் புயலும் வரும், பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு டிசம்பரில்தான் வர முடியும் என்றால் மாதக் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலோடு காற்றும் பலமாக அடிக்கும், அப்போதே ஆடி அமாவாசையும் வரும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, சுற்றிப் பார்க்க என்றால் காலண்டரைப் பார்த்து அந்த வாரத்தையே தவிருங்கள்.

மூன்று நாள் ஒதுக்கவே முடியாது, ஒரு நாள்தான் இருக்கிறது என்கிறவர்கள் ராமேஸ்வரத்தைத் தொடாமல் சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காடு போய் வாருங்கள். கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். டச்சுக்காரர் கல்லறைகள் இருக்கின்றன, குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் நிற்கும். யாராவது கூப்பிட்டாலும் படகில் மட்டும் ஏறாதீர்கள், 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் ரயிலை முடிந்தால் சனிக்கிழமை ராத்திரிக்குப் போடுங்கள். ஞாயிறு காலை வந்து இறங்கியதும் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அந்த நாட்களில் அங்கேயும் இங்கேயும் மீன் குறைவு, விலை அதிகம்.