லாரி சைலன்சரை மாற்றிக் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு யஷ்வந்த்பூர் யார்டுக்குப் பின்புறம் பல ஆண்டுகளாகப் பட்டறை நடத்தி வருகிறேன். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகள் சரக்கை இறக்கிவிட்டு மறு லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நேரத்தில்தான் ஓட்டுநர்களுக்குச் சத்தத்தின் மேல் ஆசை பிறக்கிறது. போன மாதம், புதிதாகப் பட்டறை போட்ட இரண்டு தம்பிகள் ஒரு பழைய ஆறு சிலிண்டர் வண்டிக்குக் குழாய் மாற்றுவதை எதிர்ப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2009இல் நான் செய்த பிழையை, அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு அவர்களும் செய்தார்கள். கேஸ்கட்டை மறப்பது, கிளாம்பை முழுதாக இறுக்காமல் விடுவது போன்றவற்றை ஒரே வாரத்தில் வண்டியே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை நான் இங்கே எழுதவில்லை. இங்கே சொல்வன பெரும்பாலும் பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகை விதியின் மூன்றாம் படி) வரையிலான பழைய டர்போ டீசல் வண்டிகளுக்கு உரியவை. டர்போ என்பது, வெளியேறும் புகையால் சக்கரத்தைச் சுழற்றி என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி.

சத்தத்தை வைத்து இழுவையை அளப்பது

அந்த 2009ஆம் ஆண்டு வேலையை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. சேலத்து உரிமையாளர் ஒருவர், வண்டி கம்பீரமாக உறும வேண்டும், வாலில் கொஞ்சம் விசிலும் கேட்க வேண்டும் என்றார். டர்போவின் வாயிலிருந்து 4 அங்குலக் குழாய் இழுத்தேன். அறை அறையாகத் தடுத்த பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, நேராக ஊடுருவிச் செல்லும் துளைக்குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் அடைத்த உருளையை வைத்தேன். இதுவரை எல்லாம் சரிதான். பின் ஆக்ஸிலுக்கு மேலே குழாய் வளைந்தாக வேண்டிய இடத்தில், குழாய்க்குள் மணலை அடைத்து, கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். மணல் சரியாக இறுகாததால் வளைவின் உட்புறம் சப்பையாகிப்போனது. விசிலுக்காக வால் முனையில் இரண்டரை அங்குலத்துக்குக் குறுகும் கூம்பு ஒன்றையும் வைத்துப் பற்றவைத்தேன். வண்டியை நிறுத்தியபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது யார்டே திரும்பிப் பார்த்தது. உரிமையாளர் பேசிய கூலிக்கு மேல் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம், சேலத்திலிருந்து முழு லோடோடு தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, வண்டிக்கு மூச்சு முட்டுது. பின்னாடி ஒரே கரும்புகை, மூணாவது கியருக்கு மேல ஏத்தவே முடியல." டீசல் ஃபில்டரை மாற்றச் சொன்னேன். பிறகு டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தோம். அதன் பிறகு டீசல் பம்ப்பைக் கழற்றி அளவு வைக்க அனுப்பினோம். குழாயின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. நான்காவது மாதம் டர்போவின் சீல் எண்ணெய் கக்கத் தொடங்கியது. உள்ளிருக்கும் சுழல் பாகத்தை என் கைக்காசைப் போட்டு மாற்றிக்கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் குழாயை அறுத்துப் பார்க்கத் தோன்றியது. வளைவுக்குள் என் இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.

காது ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. குறுகிய வாயில் வழியே வாயு அதிக வேகத்தில் பீறிட்டு வெளியேறும்போது இரைச்சல் கூடத்தான் செய்யும். அது இழுவையின் ஒலியன்று, திணறலின் ஒலி. டர்போவின் சக்கரம் சுழல்வது அதன் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாட்டினால். வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் தேங்கினால் சக்கரத்தின் சுழற்சி குறையும், என்ஜினுக்குள் போகும் காற்று குறையும், பம்ப் தரும் டீசலோ அப்படியே இருக்கும். எரியாத மிச்சம் கரும்புகையாகிறது, புகையின் வெப்பம் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது. வெற்று வண்டியில் இவை எதுவும் தெரிவதில்லை.

கணக்கு இன்னும் கொடுமையானது. ஒரே அளவு வாயுவைத் தள்ள வேண்டுமானால், உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஆகவே 4 அங்குலத்தை 3 அங்குலமாக்கினால், அதே நீளத்துக்கு இழப்பு நான்கு மடங்குக்கு மேல் உயர்கிறது. சப்பையான வளைவில் பரப்பு பாதியானால் அவ்விடத்தில் வாயுவின் வேகம் இரட்டிப்பாகும், இழப்பு அங்கேயும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இருபது அடிக் குழாயை எவ்வளவு அகலமாக வைத்தாலும், வண்டி மூச்சு விடுவது அந்த ஒரு சாண் இடத்தை நம்பித்தான்.

இப்போது நான் அளக்காமல் எந்த வண்டியிலும் கை வைப்பதில்லை. டர்போ வாயைத் தாண்டி ஓர் அடி தள்ளி, நேராக இருக்கும் பகுதியில் துளையிட்டு ஒரு நட்டைப் பற்றவைத்து, சூடு கேஜை எட்டாதபடி ஒரு மீட்டர் நீள எஃகுக் குழாய் வழியாகக் குறைந்த அளவு காட்டும் பிரஷர் கேஜை இணைக்க வேண்டும். வண்டியை நிறுத்தியபடி மிதித்துப் பார்த்துக் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை; லோடோடு மேட்டில், முழு ஆக்ஸிலேட்டரில், என்ஜினின் உச்ச சக்திக்குரிய சுழற்சியில் படிக்க வேண்டும். வடிகட்டி எதுவும் இல்லாத பழைய டர்போ டீசல்கள் பலவற்றுக்கு உச்சவரம்பு சுமார் 10 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ.; உங்கள் என்ஜினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பழைய குழாயைக் கழற்றுவதற்கு முன்பு ஒருமுறையும், புதிய குழாயை மாட்டிய பிறகு ஒருமுறையும் எழுதி வையுங்கள். இரண்டாவது எண் கூடியிருந்தால், சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வேலை தோற்றுவிட்டது என்றே பொருள்.

அந்தத் தம்பிகளிடம் இதைச் சொன்னபோது, "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாதானே அண்ணா இழுக்கும்?" என்று கேட்டார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிகளில் குழாய் அளவுக்கு மீறிப் பெரிதானால் வாயுவின் ஓட்டம் சோர்ந்து இழுவை குறைவதைப் பார்த்தவர்கள், காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டு உண்டாக்கிய பேச்சு அது. டர்போவுக்குப் பின்னால் தேங்கும் அழுத்தத்தால் லாரிக்கு ஒரு நன்மையும் இல்லை.

சைலன்சரே இல்லாமல் ஓட்டுவது

வெறுங்குழாய் கொடுப்பது உறுமல் அன்று, கிறீச்சிடல். துளைக்குழாயும் கிளாஸ் வூலும் கொண்ட உருளை, காதைக் குத்தும் மேல் ஒலியைத்தான் பெரும்பாலும் உறிஞ்சுகிறது; அடித்தொண்டை ஒலியை விட்டுவிடுகிறது. சத்தப் பிரியர்கள் கேட்பதும் அதைத்தான். கிளாஸ் வூலுக்கு முன்பாக எஃகு வூலை ஒரு சுற்றுச் சுற்றாவிட்டால், ஓடும் புகை அதைத் துளைகள் வழியே பிய்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேபினுக்குள் வரும் ரீங்காரத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டி 1500 சுழற்சியில் ஓடும்போது வினாடிக்கு 75 முறை எரிப்பு நிகழ்கிறது; அந்த 75 ஹெர்ட்ஸ் முனகலைப் பெங்களூரிலிருந்து சேலம் வரைக்கும் கேட்டுக்கொண்டே போகிறவர் ஓட்டுநர், உரிமையாளர் அல்லர்.

பெல்லோஸை வெட்டிவிட்டு நேர்க்குழாய் வைப்பது

என்ஜின் தன் ரப்பர் மவுண்டுகளின் மேல் ஆடுகிறது, சைலன்சரோ சேஸிஸில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வது பெல்லோஸ் என்னும், மடிப்பு மடிப்பாக நெளியும் குழாய் மட்டுமே. சூடும் சேர்ந்து இழுக்கும்: மூன்று மீட்டர் நீளமுள்ள 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 15 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு வழி விடாவிட்டால், டர்போவின் வார்ப்பிரும்பு வாய்தான் விரிசல் விடும். பழைய பெல்லோஸ் நைந்திருந்தால் புதியது வாங்குங்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக்கை மறந்துவிடுவது

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகை போகும் வழியை வால்வால் அடைத்து, என்ஜினைக் கொண்டே வண்டியின் வேகத்தைக் குறைப்பது. டர்போவுக்கும் அந்த வால்வுக்கும் இடையே கசிவு இருந்தால், வால்வை மூடினாலும் அழுத்தம் தேங்காது, வண்டியும் பிடிபடாது. தொப்பூரில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் பெரிய சோதனை என்பது அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த நீளத்தில் என் பட்டறையில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

டர்போவுக்கு முன்னால் துளை போடுவது

விசில் கேட்கும், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) இருக்காது.

சட்டத்தைக் கேலியாக எண்ணுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி, புகை அளவுகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடமுண்டு. மூன்று மாதங்களுக்கு உரிமம் வைத்திருக்கும் தகுதியும் பறிபோகும். மாட்டிக்கொள்வது வண்டியை ஓட்டுகிறவர், குழாயைக் கட்டியவர் அல்லர். ஆகவே கட்டிய பின் சத்தம் மூல சைலன்சரைவிட எவ்வளவு கூடுகிறது என்பதைக் கருவி வைத்து அளந்து, வரம்பைத் தாண்டினால் இரண்டாவது உருளையைச் சேர்த்தே வண்டியைக் கொடுக்கிறேன். இரண்டும் நேராக ஊடுருவும் வகை என்பதால் கேஜ் முள் பெரிதாக அசைவதில்லை.

பி.எஸ்.6 வண்டியில் கை வைப்பது

வைக்காதீர்கள். அதில் சைலன்சர் போலத் தெரியும் பெட்டிக்குள் புகைக்கரி வடிகட்டியும், யூரியாக் கரைசல் தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும் பகுதியும், அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்களும் இருக்கின்றன. பெட்டியைக் கழற்றினால் கணினி இழுவையைக் குறைத்துவிடும். கணினியையும் ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று வருகிறவரிடம் வண்டியைக் கொடுப்பது குற்றத்துக்குத் துணைபோவதாகும்.

ஜி.ஐ. பைப்

துத்தநாகம் பூசிய அந்த இரும்புக் குழாய் தண்ணீருக்கு உரியது. பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால், அன்றிரவே குளிர்க்காய்ச்சலோடு படுப்பீர்கள்.