ராட்சதப் பாறு ஒன்றை ஆட்டத்துக்குள் இறக்குவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் அப்பத்தாவின் செட்டிநாட்டு வீட்டு வளவில்தான் ஆட்டம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். வளவைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் பதித்திருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்தான் எங்களுக்கு வரைபடம்: ஒரு கல்லுக்கு 5 அடி. வீரர்களுக்குச் சோழி, எதிரிகளுக்குப் புளியங்கொட்டை. இருபது முகப் பகடை இல்லாதவர்கள் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கலாம், அதுவும் சரியாகவே வரும்.

போன மாதம் அண்ணன் மகள் வந்து, "சித்தப்பா, பெரிய பிணந்தின்னிக் கழுகு ஒண்ணு வச்சு நானே ஒரு ஆட்டம் நடத்தட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் பொறுப்பை முதல் தடவை எடுக்கும் யாருக்கும் இது போதும்.

1. பெயரையும் அளவையும் முடிவு செய்யுங்கள்

கழுகு வேறு, பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் இது வேறு. கழுகு உயிரோடு இருப்பதைப் பிடிக்கும். இது செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும். பழந்தமிழில் இதற்குப் பாறு, எருவை என்று பெயர். பறவை ஆர்வலர்கள் இப்போது பாறு என்றே சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். பெயர் மாறினாலே ஆடுபவர்கள் அதைப் பார்க்கும் விதம் மாறிவிடும்.

நம் நாட்டு வெண்முதுகுப் பாறு சிறகை விரித்தாலே 2 மீட்டருக்கு மேல் இருக்கும். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் பறந்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவையின் சிறகு விரிப்பு 5 முதல் 7 மீட்டர் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அதனால் ராட்சதப் பாறு வெறும் கற்பனை என்று கூச்சப்பட வேண்டாம். ஆட்ட விதிப்படி அது 'லார்ஜ்' அளவு. தரையில் இரண்டுக்கு இரண்டு, நாலு கல் இடம் பிடிக்கும்.

2. எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஆர்மர் கிளாஸ் (அதை அடிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 10, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 22. நடந்தால் 10 அடி, பறந்தால் 60 அடி. அதாவது தரையில் 2 கல், வானத்தில் 12 கல். ஒரே முறையில் இரண்டு தரம் தாக்கும். இரண்டுக்கும் இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு +4. அலகு பட்டால் 2 நான்குமுகப் பகடையும் 2-உம், நகம் பட்டால் 2 ஆறுமுகப் பகடையும் 2-உம் அடிபட்டவரின் ஹிட் பாயிண்டில் குறையும். தாக்கப்படுபவருக்குப் பக்கத்தில் அதன் கூட்டாளி நின்றால் இரண்டு தரம் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும்.

முதல் நிலை வீரர்கள் நாலு பேருக்கு ஒரு பாறு போதும். அதற்கு 200 அனுபவப் புள்ளி, அவர்களுக்கு அது நடுத்தரச் சண்டை. இரண்டாவது பாறும் இறங்கினால் கணக்கு உயிராபத்துக்கே போய்விடும். இரண்டு அடியும் விழுந்தால் சராசரி 16, மந்திரவாதியிடம் இருப்பதோ 7, 8 ஹிட் பாயிண்ட்தான். என் முதல் ஆட்டத்தில் இதைக் கவனிக்காமல் மூன்றை இறக்கி, கால் மணி நேரத்தில் எல்லாரையும் சாகடித்துவிட்டேன். ஒரு பிள்ளை அழுதுகொண்டே எழுந்து போனது இன்றும் மனசில் இருக்கிறது.

3. வயிற்றிலிருந்து யோசியுங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாக வாசியுங்கள். புதிதாக வருபவர்கள் இந்தப் பறவையை எடுத்த எடுப்பில் பாய வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது இறகு முளைத்த புலியாகிவிடும். பாறு காத்திருக்கும். அது வட்டமடிக்க வட்டமடிக்க, கீழே நிற்பவனுக்குத் தன் உடம்பைப் பற்றியே சந்தேகம் வர வேண்டும். உண்மையான பாறின் மூன்று பழக்கங்களை விதியாக்கினால் அந்தப் பயம் தானே வந்துவிடும்.

முதலாவது, பார்வை. ஆட்டப் புத்தகம் ராட்சதப் பாறுக்குக் கூர்மையான பார்வை, மோப்பம் இரண்டையும் கொடுக்கிறது. அமெரிக்காவின் வான்கோழிப் பாறுக்கு மோப்பம் உண்டு. நம் பக்கத்துப் பாறுகள் கண்ணை நம்பித்தான் இரை தேடும். அதனால் நான் மோப்பத்தை எடுத்துவிடுவேன். எடுத்தவுடன் செட்டிநாட்டு வீடே ஒரு விளையாட்டுக் களமாகிவிடுகிறது! முகப்பு, பத்தி, உள்வீடு எல்லாம் ஓட்டுக்கூரைக்குக் கீழே. நடுவில் வளவு வாசல் மட்டும் வானம் பார்த்துக் கிடக்கும். கூரைக்கடியில் கிடக்கும் பிணம் பாறின் கண்ணில் படாது. வளவு வாசலில் கிடந்தால் ஒரு பறவை இறங்கும். அது இறங்குவதைப் பார்த்துத் தூரத்தில் பறக்கும் அடுத்ததும் வந்து சேரும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைக் கதைக்களமாக எடுங்கள். கம்பி வலை போடாத வளவு வாசல் வேண்டும்.

இரண்டாவது, வெயில். கனத்த உடம்பைச் சிறகடித்தே நெடுந்தூரம் கொண்டுபோக முடியாது. தரை சூடாகி மேலே எழும் காற்றில் ஏறித்தான் பாறு மிதக்கும். விடியற்காலையில் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே ஆட்டத்தில் காலை ஒன்பது மணி வரை பறக்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள். இதை உடைத்துச் சொல்லிவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயில், "வெள்ளனப் போயிருங்கப்பா, வெயில் ஏறிட்டா அதுக நாளு" என்று போட்டுவிடுங்கள். புரிந்துகொள்ளும் பிள்ளைகள் விடியலில் கிளம்புவார்கள்.

மூன்றாவது, கனம். வயிறு முட்டத் தின்ற பாறு உடனே எழும்ப முடியாமல் தடுமாறும். துரத்தினால் தின்றதைக் கக்கிவிட்டுப் பறக்கும். தின்று முடித்த பாறு பறக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு முறை முழுவதையும் கக்குவதற்கே செலவழிக்கட்டும். அதுவரை அதற்கு 2 கல் நடைதான். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் ஆரவாரம் செய்வார்கள்.

அதோடு, பாதி ஹிட் பாயிண்ட் போனால் பறந்து ஓடட்டும். செத்ததைத் தின்று பிழைக்கும் பறவை உயிரைக் கொடுத்துச் சண்டை போடாது.

4. ஏன் வந்தது என்று ஒரு காரணம் வையுங்கள்

உண்மைக் கதை ஒன்றே இதற்குப் போதும். மாட்டுக்கு வலி மருந்தாக டைக்ளோஃபெனாக் போட்டார்கள். அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு விழுந்தன. 1990-களில் தொடங்கி வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-இல்தான் உறுதியானது. 2006-இல் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறு பார்க்க வேண்டுமானால் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் வானத்தில் ஒரு பாறுகூடப் பார்த்ததில்லை. அதற்காகவே இந்தப் பறவையை ஆட்டத்தில் கொண்டுவர எனக்கு அவ்வளவு ஆசை.

கதையில் இப்படி மாற்றலாம்: ஊர் வைத்தியர் நல்ல எண்ணத்தோடு மாடுகளுக்கு ஒரு தைலம் தடவுகிறார். ராட்சதப் பாறுகள் ஒவ்வொன்றாக ஊரணிக் கரையில் செத்து விழுகின்றன. செத்த மாடுகள் அழுகிக் கிடக்க, நாய்க்கூட்டம் பெருகுகிறது. மிஞ்சிய ஒரு பறவையைக் கொல்லச் சொல்லி ஊர் வீரர்களை அழைக்கிறது. கொல்வதா, தைலத்தைக் கண்டுபிடிப்பதா? அதை அவர்களே முடிவு செய்யட்டும்.

பறவையைக் காக்கும் ஊர் ஒன்றும் கதையில் வேண்டுமென்றால், வேட்டங்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை போகும் வழியில், திருப்பத்தூர் பக்கம் இருக்கும் சரணாலயம். நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டும் கண்மாய்க்குப் பக்கத்தில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. அப்படி ஒரு ஊரில் வீரன் தீப்பந்து மந்திரம் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

5. முதல் காட்சி

பறவையைக் காட்டாதீர்கள், நிழலைக் காட்டுங்கள். "நடு மத்தியானம். செம்மண் பாதை. உங்கள் நிழலுக்கு மேல் இன்னொரு நிழல் போகிறது." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யாராவது "மேல பாக்குறேன்" என்று சொல்லும் வரை வாய் திறக்கவே வேண்டாம்.

அண்ணன் மகள் இதை அழகாகச் செய்தாள். அவள் ஆட்டத்தில் பிள்ளைகள் தைலத்தைக் கண்டுபிடித்து, பாறின் பின்னாலேயே திருமயம் கோட்டைப் பாறை வரை போனார்கள். விளிம்பில் ஒரு கூடு, உள்ளே ஒரே ஒரு முட்டை. பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும் என்று அவள் சொன்னதும், முட்டையை விற்றால் எத்தனை பொற்காசு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன் தன் சோழியை இரண்டு கல் பின்னால் நகர்த்தி வைத்தான்.