என்எஃப்எல் வீரர் ஒருவரைப் பின்தொடர்வது எப்படி

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் குவார்ட்டர்பேக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பந்து அவர் கையில், கேமராவும் அவர் மேல். என்னைக் கேட்டால், இந்தத் தொழில் என்னவென்று தெரிய அவரை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் தடுப்பு வரிசையின் இடக்கோடியில் நிற்கும் லெஃப்ட் டேக்கிளைப் பாருங்கள் என்பேன். வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்குக்கு இடப்பக்கம் முதுகுப்புறம். அங்கிருந்து பாய்ந்து வருபவனைத் தடுப்பதுதான் இவர் வேலை.

ஸ்னாப் ஆனதும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஒரு நகர்வைத் தொடங்கியதும், இரண்டு, மூன்று நொடி பந்தைப் பார்க்காதீர்கள். டேக்கிளின் கால்களை மட்டும் பாருங்கள். 140 கிலோ ஆள் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போவார், இடுப்பு தாழ்ந்திருக்கும், கை எப்போது நீளும் என்று எதிராளிக்குத் தெரியாது. கை சீக்கிரம் நீண்டால் எதிராளி அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். தாமதித்தால் நெஞ்சில் இடி.

இதற்குப் பெரிதாகப் புள்ளிவிவரம் கிடையாது, எளிதாகப் பார்க்கக்கூடியது அவர் களத்தில் நின்ற ஸ்னாப்களின் எண்ணிக்கை. கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸை 2007 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், மூன்றாவது ஆளாக எடுத்தார்கள். அந்த நேரத்தில் அவர் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் ஆட்டத்திலிருந்து ஒரு ஸ்னாப்கூட விடாமல் 10,363 ஸ்னாப். 2017 அக்டோபரில் கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்த அன்றுதான் அது நின்றது. இத்தனைக்கும் சீசன் கடைசியில் வரும் பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றில் ஒரு ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

டிராஃப்ட் எண்ணைப் பாருங்கள், ஆனால் ரொம்ப நம்பாதீர்கள். டாம் பிரேடி 2000இல் 199ஆவது ஆள். பிராக் பர்டி 2022இல் 262ஆவது, அதாவது கடைசி. கர்ட் வார்னரை யாரும் எடுக்கவே இல்லை. மளிகைக் கடையில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர், 1999 சீசனில் ராம்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியை வென்று தந்தார்.

அப்புறம் கான்ட்ராக்ட். 'ஐந்து வருடம், 10 கோடி டாலர்' என்று செய்தி வந்தால் அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்திடும்போதே கேரண்டி, அதாவது எப்படியும் கிடைக்கும் பணம், எவ்வளவு, அது எந்த வருடத்தோடு முடிகிறது என்று தேடுங்கள். அந்த வருடத்துக்குப் பிறகு அணி அவரைக் கழற்றிவிடப் பெரிய தடை இல்லை. மற்றதெல்லாம் ஏஜென்ட் பெருமைக்குச் சொல்லும் எண்.

ஆண்டில் ஒரு நாளைத் தவறவிடாமல் பார்க்க வேண்டுமென்றால் அது ஆகஸ்ட் கடைசியில் வரும் நாள். முகாமில் 90 பேர் வரை இருப்பார்கள். அன்று 53 ஆக வேண்டும். மூத்த வீரரை விடுவித்தால் அவர் விரும்பிய அணியோடு பேசலாம். நான்கு சீசன் முடிக்காதவர் வேவர் பட்டியலுக்குப் போவார், வேறு அணி கேட்டால் அங்கேதான் போக வேண்டும். யாரும் கேட்கவில்லையா, பயிற்சி அணியில் இடம் கிடைக்கலாம். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று சீசன் கணக்கில் ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு சீசன் மட்டும் முடித்தவர்களின் பெயரைத் தேடுங்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் சூப்பர் பவுலைவிட விறுவிறுப்பு.

சீசன் தொடங்கியதும், அணிகள் வாராவாரம் வெளியிடும் காய அறிக்கை. ஞாயிறு ஆட்டமென்றால் புதன்கிழமை பயிற்சிக்கு வராததைப் பெரிதாக எடுக்காதீர்கள், மூத்தவர்களுக்கு அன்று ஓய்வு கொடுப்பது வழக்கம். வெள்ளிக்கிழமையும் வரவில்லையென்றால் கவலைப்படலாம். காயப் பட்டியல் எனும் ஐ.ஆருக்குப் போனால் குறைந்தது நான்கு ஆட்டம் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் விடாதீர்கள். தாமஸ் 2018இல் விலகினார். எடையை ஏற்றி வைக்கவே அத்தனை வருடம் தின்ற மனிதர், சில மாதங்களில் 20 கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டார். படத்தைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. ஒஹாயோ மாநிலத்தின் கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்துக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. வாய்ப்பு வந்த முதல் ஆண்டிலேயே, 2023இல், அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.