டீசல் காரில் உலோகத்தூள்: எங்கே தேடுவது, எப்படி முடிவு செய்வது

காமன் ரெயில் டீசல் கார்களில் ஹை பிரஷர் பம்ப் டீசலை அழுத்தி 'ரெயில்' என்ற பொதுக் குழாயில் ஏற்றும்; அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும். பெரும்பாலான கார்களில் இந்தப் பம்புக்கென்று தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. டீசலில் பெட்ரோல் கலந்தாலோ, தண்ணீர் இறங்கினாலோ, ஃபில்டர் மாற்றிவிட்டு ஏர் எடுக்காமல் செல்ஃப் அடித்தாலோ, டேங்க் வற்றும்வரை ஓட்டினாலோ அந்த மசகுப் படலம் அறுந்துபோகும். பம்புக்குள் சுழலும் கேமும் அதன்மேல் உருளும் ரோலரும் இரும்போடு இரும்பாக உரசித் தூள் உதிரும். அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போவதோடு நிற்காது. மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கும் திரும்பிவிடும்.

டீசலின் மசகுத்தன்மையை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. 60 டிகிரி சூட்டில், டீசலுக்குள் மூழ்கிய எஃகுத் தகட்டின்மேல் சிறிய எஃகுக் குண்டை வைத்துத் தேய்த்து, குண்டில் விழும் தேய்மானத் தழும்பை அளப்பார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 590 அனுமதிப்பது அதிகபட்சம் 460 மைக்ரான். பெட்ரோல் கலந்த டீசலில் தழும்பு பெரிதாகும். தவறுதலாகப் பெட்ரோல் ஊற்றிய வண்டியை 'கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டக்கூடாது என்பது இதனால்தான்.

அறிகுறியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது, ஏற்றத்தில் பிக்கப் விழுந்து இன்ஜின் ஆஃப் ஆவது, ஐடிலில் ஆட்டம், புதிதாக வந்த நாக்கிங் சத்தம் எல்லாம் உலோகத்தூளால் வரலாம். ஸ்கேனரில் பி0087 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் ரெயில் பிரஷர் தேவையைவிடக் குறைவு என்று அர்த்தம். பி0088 வந்தால் அதிகம். பம்ப் அழுத்த வேண்டிய டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு தூளில் சிக்கி மூடாமல் நின்றாலும் அது வரும். ஆனால் அடைத்த ஃபில்டர், வலுவிழந்த டேங்க் பம்ப், லைனில் ஏர் இழுப்பது, ஒரே ஒரு இன்ஜெக்டரில் அதிக ரிட்டர்ன் ஆகியவையும் அதே பி0087-ஐத்தான் காட்டும். பிழைக் குறியீட்டை மட்டும் பார்த்துப் பம்பைக் குற்றம் சொல்வது தவறு.

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். பம்ப் உண்மையிலேயே உதிர்ந்துகொண்டிருந்தால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் தூளை இன்ஜெக்டர் பக்கம் தள்ளுகிறது. ஓட்டிப் பார்க்கும் சோதனைகளை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். திறந்து பார்க்கும் சோதனை முதலில்.

கை வைப்பதற்கு முன்

ரெயிலில் 1600 முதல் 2000 பார் வரை அழுத்தம் இருக்கும். புதிய இன்ஜின்களில் அதற்கும் மேல். ஊசி முனையளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனாலும் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் பூஜ்யத்துக்கு வந்ததை உறுதிசெய்த பிறகே எதையும் கழற்றுங்கள்.

சுத்தமும் முக்கியம். கழற்றும் இடத்தைச் சுற்றி பிரேக் கிளீனரால் கழுவி ஊதிவிடுங்கள். திறந்த வாய் ஒவ்வொன்றுக்கும் உடனே மூடி போடுங்கள். வெளியிலிருந்து விழுந்த மண்ணைப் பார்த்துப் பம்ப் போய்விட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

முதலில் ஃபில்டர்

ஃபில்டரை நிமிர்ந்த நிலையிலேயே கழற்றி, உள்ளே இருக்கும் டீசலை நிறமில்லாத கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். ஊற்றியதும் டார்ச் அடித்தால் பளபளவென்று மின்னும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். கலங்கிய டீசலில் காற்றுக் குமிழியும் உலோகத்தைப் போலவே மின்னும். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். குமிழி மேலே போய் மறையும், உலோகம் அடியில் படியும். பிறகு ஜாடியை மெதுவாகச் சாய்த்து, அடி விளிம்பில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

அடுத்து ஃபில்டரை வெட்ட வேண்டும். ஆக்ஸா பிளேடு வேண்டாம்; அறுக்கும்போது விழும் இரும்புத்தூள் உள்ளேயே போய் உங்களை ஏமாற்றும். உருளும் சக்கரத்தால் வெட்டும் கட்டர்தான் இதற்குச் சரி. உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் எடுத்து, வெள்ளைத் தாள்மேல் விரித்து, மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். பெரும்பாலான ஃபில்டர்களில் டீசல் வெளியிலிருந்து உள்நோக்கிப் போகும்; எனவே மடிப்பின் வெளிப்பக்கம்தான் அழுக்குப் பக்கம். அங்கே உலோகம் இருந்தால் அது டேங்க் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று, டேங்குக்குள் இருக்கும் பம்ப் தேய்கிறது. இல்லையென்றால் ஹை பிரஷர் பம்பின் தூள் ரிட்டர்னில் போய்ச் சுற்றி வந்துவிட்டது. சில கார்களில் ரிட்டர்ன் லைன் ஃபில்டர் தலைக்கே வருவதால், தூள் டேங்கைத் தொடாமலும் இங்கே வரலாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது. பம்ப் இப்போதுதான் உதிரத் தொடங்கியிருந்தால் ஃபில்டரில் ஒன்றுமே தெரியாது.

உண்மையைச் சொல்லும் இடம்: மீட்டரிங் வால்வு

பல பம்புகளில் டீசல் முதலில் கேம் அறையை நனைத்துவிட்டு, பிறகுதான் மீட்டரிங் வால்வைத் தாண்டி, டீசலை அழுத்தும் பிளஞ்சருக்குப் போகும். கேம் அறையில் உதிர்வது இந்த வால்வின் மெல்லிய வலையில் வந்து மாட்டும். பம்பைப் பிரிக்காமல் அதன் வயிற்றைப் பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் இல்லை.

கனெக்டரைக் கழற்றி, இரண்டு அல்லது மூன்று திருகாணிகளை எடுத்து, வால்வை நெம்பாமல் நேராக இழுங்கள். வலையை வெள்ளைத் தாளில் மெல்லத் தட்டுங்கள். வால்வு இருந்த குழியில் நிற்கும் டீசலைச் சுத்தமான சிரிஞ்சால் உறிஞ்சி, இன்னொரு ஜாடியில் விடுங்கள். திரும்பப் பொருத்தும்போது புது ஓ-ரிங் போடுங்கள்.

கிடைத்த தூளை அடையாளம் காண வலுவான காந்தம் போதும். காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஜாடியில் கிளறுங்கள். பிறகு உறையிலிருந்து காந்தத்தை உருவினால் தூள் தானாக விழுந்துவிடும், துடைக்க வேண்டியதில்லை. ஒட்டிக்கொள்ளும் வெள்ளி நிறத் தூள் எஃகு: கேம், ரோலர், பிளஞ்சர். ஒட்டாமல் மின்னுவது அலுமினியம்: பெரும்பாலும் பம்பின் உடல். ரோலர் பக்கவாட்டில் திரும்பிக் கேமைச் சுரண்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். செம்பழுப்பு நிறத்தில், விரலிடையே தேய்த்தால் பொடியாவது துரு. அது தண்ணீர் இறங்கியதன் சாட்சி. கறுப்பாகக் கொழகொழவென்று இருப்பது தண்ணீர் தேங்கிய டேங்கில் வளரும் நுண்ணுயிர்க் கசடு, உலோகம் அல்ல.

எவ்வளவு இருந்தால் தப்பு? டீசலை லேசாகச் சாம்பல் நிறமாக்கும் மிக நுண்ணிய தேய்மானம் நல்ல பம்பிலும் இருக்கும். வெறுங்கண்ணுக்குத் துகளாகத் தெரிந்தால் கதை வேறு. கண்ணுக்குத் தனியாகத் தெரியும் துகள் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான். கண்ணில் படும் ஒவ்வொரு மினுக்கும் அந்த இடைவெளியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது.

எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது

வால்வில் தூள் கிடைத்தால், அழுத்தம் இறங்கியதை மறுபடி உறுதிசெய்து ரெயிலின் முனையைத் திறந்து, பஞ்சு உதிராத துணியால் உட்சுவரை ஒற்றி எடுத்துப் பாருங்கள். டேங்கில் டீசல் அளவைக் காட்டும் சென்டர் (sender) யூனிட் வாய் வழியாகக் குழாய் விட்டு, அடி மூலையிலிருந்து அரை லிட்டர் உறிஞ்சி, அதே காந்தச் சோதனையைச் செய்யுங்கள். மேலாக இருக்கும் டீசலை எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

வால்வு சுத்தமாக இருந்தால் மட்டும் இன்ஜினை ஓட்டிச் செய்யும் சோதனைகளுக்குப் போகலாம். முதலில் ஃபீடு பிரஷரை, அதாவது ஹை பிரஷர் பம்புக்கு வரும் டீசலின் அழுத்தத்தை, உங்கள் மாடலின் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்னையும் ஒரே அளவு பாட்டில்களில் பிடித்து, ஐடிலில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு நிரம்பினால் பி0087-க்குக் காரணம் அந்த இன்ஜெக்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உறுதியானால்

வால்வில் மினுமினுப்பு தெரிந்தபின் பம்பை மட்டும் மாற்றுவது பணத்தை இரண்டு முறை செலவழிக்கும் வழி. டேங்கில் கிடக்கும் தூளில் நுண்ணியது ஃபில்டரையும் தாண்டிப் புதுப் பம்புக்கு வரும். ரெயிலில் ஒட்டியது புது இன்ஜெக்டருக்குப் போகும். பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், ஹை பிரஷர் பைப்புகள், ஃபில்டர் எல்லாம் புதிதாக வேண்டும். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஃபீடு, ரிட்டர்ன் லைன்களைச் சுத்தமான டீசல் விட்டு, வெளியேறுவதை ஜாடியில் பிடித்துப் பார்த்துப் பார்த்து அலச வேண்டும். ஃபூயல் கூலர் இருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். அதன் குறுகிய வழிகளில் தூள் தங்கும். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் திரவத் தொட்டியில் போட்டுக் கழுவித் திரும்பப் போடலாம் என்ற யோசனையை ஏற்க முடியாது: உள்வழிகளில் ஒரு துகள் தங்கி, ஊசி மூடாமல் நின்றுவிட்டால், சிலிண்டருக்குள் டீசல் கொட்டி பிஸ்டனே ஓட்டையாகும்.

எல்லாம் பொருத்திய பிறகு உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்க் பம்பை இக்னிஷன் அல்லது ஸ்கேனர் மூலம் ஓடவிட்டு, பம்புக்கு வரும் லைனில் குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். புதுப் பம்பு காய்ந்து சுற்றினால் பழைய கதைதான். இன்ஜெக்டர் குறியீடு கேட்கும் மாடல்களில், புது இன்ஜெக்டர்களின் குறியீட்டு எண்களை ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்றுங்கள். சுமார் 1000 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரை மாற்றி, கழற்றியதை அதே கட்டரால் வெட்டி, அதே வெள்ளைத் தாளில் விரித்துப் பாருங்கள்.